வற்றாப்பளைக்குப் புறப்பட்ட வண்டி

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியை வைகாசி மாதத்திற் காணல் வேண்டும். ஓமந்தையைக் கடந்ததும் காடு இரு மருங்கும் நெருங்கி வந்து நிற்கும். பாலை பழுக்குங் காலம் அது. மஞ்சள் முத்துக்களை ஒத்த அப்பழங்களைச் சிறு சிறு பொதிகளாகக் கட்டி, நிழல் கண்ட இடங்களில் வைத்து விற்பர். குளங்களின் கீழுள்ள வயல்களிற் சிறுபோகப் பயிர் பசுமையாய் நிற்க, குளமில்லா நிலமெல்லாம் சோளகக் காற்றில் வறண்டு செம்புழுதி எழுப்பும். இத்தகையதொரு திங்கட்கிழமையிலேதான், அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கென நாம் புறப்பட்டோம்.

எமது வண்டியைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது ஜப்பானில் ஒருவரிடமும், பின்னர் இந்நாட்டில் இருவரிடமும் உழைத்துவிட்டு எம்மிடம் வந்து சேர்ந்த ஓட்டோ கியர் கார். அதன் மீற்றர் 2,14,000 கிலோமீற்றர் காட்டுகின்றது. அவ்வெண் முழு உண்மை என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம். இதனை விற்றுவிட்டுப் புதியதொன்று வாங்கலாகாதா என்று கேட்பவர், இலங்கையின் அண்மைக்கால வரலாற்றை மறந்தவராவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரையில் 2025 பெப்ரவரி முதலாந் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை மலைபோல் ஏறிற்று. கதவு திறந்தபின்னும் புதியவற்றின் விலை எம்மனோர் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே வன்னியில் இன்று எத்தனையோ குடும்பங்கள், ஓய்வு பெற வேண்டிய வண்டிகளுக்கு மருந்து கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் எமது குடும்பமும் ஒன்று.

அன்று நேர்ந்த சங்கடம் முன்னறிவிப்பின்றி வந்ததன்று. பல மாதங்களாகவே காலையிற் கியர்த்தடியை 'பி'யிலிருந்து 'டி'க்கு மாற்றினால், வண்டி ஒரு மூச்சு விட்டு யோசித்த பின்னரே அசையும். முதியவர்கள் எழும்பும்போது முழங்காலைப் பிடிப்பதில்லையா, அதுபோல என்று எண்ணி வாளாவிருந்தோம். புளியங்குளம் தாண்டியதும் வேறொரு குணம் தோன்றிற்று. மிதியை அழுத்தினால் எஞ்சினின் குரல் ஏறுகின்றது, வேகம் ஏறவில்லை. கனகராயன்குளத்தை அண்மிக்கையில், கியர் மாறும்போது பின்னால் யாரோ மோதியதுபோல் ஓர் இடி. அதுவரை பின்னிருக்கையிற் கண்மூடியிருந்த அம்மா, "இதென்ன, கத்துறது மட்டும் கேக்குது, ஓடக் காணேல்லையே?" என்றார். அதற்குப் பின்னர் ஒரு பொறியியலாளர் எமக்குக் கூறிய விளக்கமும் இதனைவிடத் தெளிவாய் இருக்கவில்லை.

இப்பெட்டிக்குள் நிகழ்வது யாது என்பதை மாணவர்கள் அறிந்து வைத்தல் நன்று. கையாற் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது காலால் மிதிக்கும் கிளச். ஓட்டோ வண்டியில் அவ்விடத்தை எண்ணெயே பிடித்துக்கொள்கின்றது. எண்ணெய் நிறைந்த ஓர் உருண்டைக் கூட்டினுள், இரண்டு மின்விசிறிகளை முகத்தோடு முகம் வைத்தாற்போல் இரு இறக்கைச் சில்லுகள் உள்ளன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றதைச் சுழற்றுகின்றது. இத்தத்துவத்துக்கு 1905இல் உரிமம் பெற்றவர் ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர். அவர் எண்ணியது கப்பல்களைப் பற்றி. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1939இல் அறிவித்து, 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களிற் பொருத்திய 'ஹைட்ரா-மற்றிக்' பெட்டியிலிருந்தே கிளச் மிதியில்லாத கார்கள் பெருந்தொகையாக வீதிக்கு வந்தன.

உருண்டைக் கூட்டுக்கு அப்பால் இருப்பது ஒரு சிறு சூரிய மண்டலம். நடுவிலே ஒரு பற்சில்லு, அதனைச் சுற்றி ஓடும் சிறு பற்சில்லுகள், எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் ஒரு வளையம். ஆங்கிலத்திலும் இவற்றுக்குச் சூரியன், கோள்கள் என்றே பெயர். இவற்றுள் எதனைப் பிடித்து நிறுத்துவது, எதனை ஓட விடுவது என்பதைக் கொண்டே கியர் மாறுகின்றது. அப்படிப் பிடித்து நிறுத்துபவை மெல்லிய கிளச் தட்டுகள். அத்தட்டுகளை அழுத்துவது மீண்டும் எண்ணெயே. விசையைக் கடத்துவதும், தட்டுகளை அழுத்துவதும், தேய்வைத் தடுப்பதும், சூட்டை வெளியே கொண்டுசெல்வதுமாக நான்கு வேலைகளை ஒரே எண்ணெய் செய்கின்றது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை இவ்வெண்ணெயில் திமிங்கில எண்ணெயும் கலந்தார்கள் என்றால், அதன் அருமையை ஊகித்துக்கொள்ளலாம். எண்ணெய் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினாற் சூடேறும், சூடேறினால் எண்ணெய் கருகும். எண்ணெயின் உஷ்ணம் பத்துப் பாகை ஏற அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் பொதுவாகக் கூறும் கணக்கு.

இவ்வளவையும் இன்று எழுதுகின்றோமேயன்றி, அன்று மாங்குளம் சந்தியில் இவற்றுள் ஒன்றேனும் நினைவுக்கு வரவில்லை. சந்தியில் தேநீர் அருந்தி, அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டோம். ஆறியதும் நன்றாகவே ஓடிற்று. அதுவே எம்மை ஏமாற்றியது. திரும்பி வவுனியாவுக்குப் போயிருக்கலாம். பொங்கல் தவறிவிடுமே என்ற அவசரத்தில் முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ 34 வீதியில் திரும்பினோம்.

அவ்வீதி அழகானது. கண்டி வீதியின் இரைச்சல் சந்தியோடு நின்றுவிடும். முதிரையும் வீரையும் நிறைந்த காடு, இடையிடையே ஒரு குளக்கட்டு, வெளியிலே மேயும் எருமைகள், 'யானைகள் கடக்கும் இடம்' என்ற பலகை. கரிப்பட்டமுறிப்பைத் தாண்டிச் சிறிது தூரத்தில், யானைப் பலகை ஒன்றின் அருகிலேயே எமது வண்டி நின்றுபோயிற்று. எஞ்சின் ஓடுகின்றது, 'டி'யிற் போட்டாலும் 'ஆர்'இற் போட்டாலும் சில்லு அசையவில்லை. பெரியம்மா கண்ணகியை அழைக்கத் தொடங்கிவிட்டார்.

வன்னி வீதியில் நின்ற வண்டி நெடுநேரம் தனித்து நிற்பதில்லை. கால் மணி நேரத்துள் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எழுபதை அண்மித்த பெரியவர். பெட்டியிலிருந்து தாம்புக் கயிற்றை எடுத்தபடியே, "தம்பி, இறங்கி முன்னுக்குக் கட்டுங்கோ. ஒட்டுசுட்டான் மட்டும் இழுத்துக்கொண்டுபோய் விடுறன்" என்றார்.

உதவ வந்தவரின் கயிற்றை மறுப்பதைப் போல் நாணம் தரும் காரியம் வேறில்லை. ஆயினும் மறுத்தோம். ஓட்டோ பெட்டியின் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்பியை எஞ்சினே இயக்குகின்றது. எஞ்சின் நின்றிருக்க, ஓட்டும் சில்லுகள் நிலத்தில் உருண்டால், பெட்டியின் உள்ளுறுப்புகள் எண்ணெயின்றிச் சுழன்று தேயும். எஞ்சினை ஓடவிட்டு இழுப்போமென்றாலும், எமது பெட்டியிற் பம்பிக்குப் போதிய எண்ணெய் உண்டோ என்பதே ஐயம். முன்சில்லு ஓட்டும் காராயின் முன்சில்லுகளைத் தூக்கிக்கொண்டுதான் இழுத்தல் வேண்டும். தள்ளி ஸ்ராட் செய்வதும் இதற்கு ஆகாது.

"இழுக்கக் கூடாத கார் எண்டும் ஒண்டு இருக்கோ?" என்று பெரியவர் சிரித்தார். சினமோ வியப்போ என்று முதலில் விளங்கவில்லை. "எங்கடை மொறிஸ் மைனருக்கு வாயும் வயிறும் வெளியிலை தெரியும். உது வாயை மூடிக்கொண்டு சாகிற இனம்."

பின்னர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, பொனெற்றைத் திறக்கச் சொன்னார். 1990ஆம் ஆண்டு தொடங்கி இப்பகுதிகளுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், மொறிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுள் அவரும் ஒருவர். காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்களாம். ஒரு மருந்துக் குப்பிப் பெற்றோல் ஒரு வாரத்துக்கு வரும். அக்காலத்துப் புகை மணம் இன்றும் அப்பருவத்தினரின் நினைவில் உண்டு. நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களையும் அந்தக் கார்களே ஆசுபத்திரிகளுக்குச் சுமந்தன. "அந்தக் கார் இப்ப எங்கை, ஐயா?" என்று கேட்டோம். "முள்ளிவாய்க்காலிலை விட்டிட்டு வந்தனான்" என்று மட்டும் சொல்லி, எண்ணெய்க் குச்சியை இழுத்தார்.

குச்சியின் நுனியில் எண்ணெய் ஒட்டவேயில்லை. துணியிற் படிந்த ஒரு சொட்டை முகர்ந்து பார்த்து எம்மிடம் நீட்டினார். அடிப்பிடித்த பானையின் மணம். புதிய எண்ணெய் செவ்வரத்தம்பூ ஊறிய நீர்போற் சிவந்திருக்கும். உழைத்த எண்ணெய் தேநீர்ச் சாயம் கொள்ளும். எமது எண்ணெயோ கோப்பியாய்க் கறுத்திருந்தது. அடியிற் குனிந்து பார்த்தவர் காரணத்தையும் கண்டுபிடித்தார். பெட்டியின் எண்ணெயை ரேடியேற்றருக்குக் கொண்டுசென்று ஆற்றி மீட்கும் றப்பர் குழாய், கிளிப் இறுகிய இடத்தில் வெடித்திருந்தது. எத்தனை நாளாகச் சொட்டிக்கொண்டிருந்ததோ! வீட்டு முற்றத்திற் கண்ட கறையை நாம் எஞ்சின் எண்ணெய் என்று எண்ணி மணலாற் மூடியதும் அப்போது நினைவுக்கு வந்தது.

வெடித்த நுனியை ஒரு விரலளவு வெட்டிவிட்டு, மீதியை இழுத்துப் பொருத்திக் கிளிப்பை இறுக்கினார். இனி எண்ணெய். அவருடைய பேரன் மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டானுக்குப் பறந்து இரண்டு லீற்றர் சிவப்பெண்ணெய் வாங்கி வந்தான். ஆனால் போத்தலில் எழுதப்பட்ட வகை, எமது கைநூலிற் கூறப்பட்ட வகையன்று. ஊற்றுவதா, விடுவதா? கிளிநொச்சியில் நாம் அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கைபேசியில் அழைத்தோம். "உங்கடை பெட்டி பழைய கியர்ப் பெட்டிதானே, பெல்ற் பெட்டி இல்லையே? அப்பிடியெண்டால் ஊத்துங்கோ, அண்ணை. வெறுமையாய் ஓடுறதைவிட அது நல்லது. நாளைக்கு இங்கை கொண்டு வாங்கோ, முழுக்க மாத்துவம்" என்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஊற்றினோம்.

அளவு பார்க்கும் முறையையும் கூறிவிடுகின்றோம். பலர் தவறுவது இதிலேதான். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கையிலேயே, பிரேக்கை அழுத்தியபடி கியர்த்தடியை ஒவ்வோர் இடத்திலும் சிறிது நிறுத்தி மீண்டும் 'பி'க்குக் கொண்டுவந்த பின்னரே குச்சியைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வர். குச்சியே இல்லாத வண்டிகளும் உண்டு. கைநூலைப் பார்த்தலே உத்தமம். அதிகமாக ஊற்றுவதும் கேடு; நுரைத்துப்போகும்.

வண்டி அசைந்தது. பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "அம்மாளின்ரை திருநீறு கொஞ்சம் கொண்டுவந்து தாருங்கோ" என்றார். மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேற்படாமல், மிதியை மெதுவாய் அழுத்தி ஓட்டினோம். ஒட்டுசுட்டானிற் தான்தோன்றீசுவரரை வீதியிலிருந்தே வணங்கினோம். பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்றதாகக் கூறும் ஆங்கிலேயர் காலத்துக் கல்லினாற் பெயர்பெற்ற கற்சிலைமடு அங்கிருந்து தொலைவிலில்லை. மாணவர்கள் தவறாது காண வேண்டிய இடமேயாயினும், எமது வண்டி அன்று அச்சரித்திரத்தைச் சுமக்கும் நிலையில் இல்லை. இருட்டுகையில் முள்ளியவளையை அடைந்து, சனக்கூட்டத்தினூடே வற்றாப்பளைக்கு ஊர்ந்தோம்.

நந்திக்கடலின் கரையிலே, ஆயிரமாயிரம் அடுப்புகளின் புகை நிலவொளியில் மிதக்கும் அக்காட்சியைச் சொல்லில் அடக்குதல் அரிது. முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரைக்கொண்டு விளக்கெரிப்பது இப்பொங்கலின் பழைய மரபு. முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலும் அவ்விளக்கு எரியும். பெரியம்மா அதனை நெடுநேரம் பார்த்து நின்றார். பின்னர், "இந்த விளக்குக்கு உப்புத்தண்ணி போதும். உன்ரை காருக்குச் சிவப்பெண்ணெயிலும் வகை பாக்கவேணும்" என்றார்.

மறுநாட் காலையில், வந்த வழியே திரும்பாமல், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ஏ 35 வீதியிற் கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தபோது, மக்கள் கைவிட்ட வண்டிகள் இப்பகுதியில் ஆயிரக்கணக்கிற் கிடந்தன. பஸ்களும், லொறிகளும், சைக்கிள்களும், வாழ்நாள் உழைப்பில் வாங்கிய கார்களும் ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்து துருவேறிக் கிடந்ததை அவ்வழியாற் சென்றவர் அறிவர். முள்ளிவாய்க்காலைக் கடக்கையில் வண்டியினுள் எவரும் பேசவில்லை. புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று ஊர்கள் கடந்தன. குழாயும் சொட்டவில்லை.

எமது மெக்கானிக் இளைஞர். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழில் பயின்றவர். ஸ்ரியறிங்கின் கீழுள்ள துளையில் ஒரு சிறு கருவியைச் செருகி, வண்டியின் கணனி எழுதி வைத்திருந்த குறைகளைப் படித்தார். தட்டு வழுக்கியதை அது நாள்தோறும் குறித்து வைத்திருந்தது.

அங்கே நின்ற அனுபவசாலிகளோ மூன்று கட்சிகளாய்ப் பிரிந்தனர். "பழைய பெட்டிக்குப் புது எண்ணெய் மாத்தினால் அடுத்த கிழமை நிண்டுபோம், தொடாதேயுங்கோ" என்பது ஒரு கட்சி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பெட்டி ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்பது மற்றொன்று. பெட்டியைப் பிரித்துத் தட்டுகளைப் புதிதாக்கலாம் என்பது மூன்றாவது.

முதற் கட்சியினர் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. தட்டுகள் முற்றாகத் தேய்ந்த பெட்டியில், கறுத்த எண்ணெயில் மிதக்கும் தூளே சிறிது பிடிமானம் கொடுக்கலாம். அதனை அகற்றினால் ஒளிந்திருந்த நோய் வெளிப்படும். ஆனால் நோயைத் தந்தது புதிய எண்ணெயன்று. இயந்திரத்தால் அழுத்திக் கழுவுவதுதான் பழைய பெட்டிக்கு ஆகாது. படிந்திருந்த அழுக்கைக் கிளப்பி, தலைமயிரளவு துவாரங்களை அது அடைத்துவிடும். பஞ்சிகாவத்தைப் பெட்டியின் விலையோ எமது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும். அது ஜப்பானில் எவ்வளவு ஓடியதென்று எவர் அறிவார்? பிரித்துத் திருத்துவது அதனினும் செலவு.

"முதல்லை அடித்தட்டைக் கழட்டிப் பாப்பம், அண்ணை. அது சொல்லும்" என்றார் இளைஞர். தட்டினுள் காந்தத் துண்டுகள் உண்டு. அவற்றில் மெல்லிய சாம்பற் பசை படிந்திருந்தால் அது வயதின் அடையாளம். மினுங்கும் இரும்புச் சிராய்களோ தட்டின் துணுக்குகளோ கிடந்தால் பெட்டி முடிந்தது. நாம் குனிந்து நின்றோம். அம்மா கராச் வாசலிற் கதிரையிலிருந்து கழுத்தை நீட்டினார். அவர் விரலால் வழித்துக் காட்டினார்: சாம்பற் பசை; சற்று அதிகம், ஆனால் பசைதான்.

ஆகவே வடிகட்டியை மாற்றி, வெடித்த குழாய்க்குப் பதிலாகப் புதியதிட்டு, கைநூற்படியான எண்ணெயை ஊற்றுவதென முடிவாயிற்று. ஒருமுறை திறந்துவிட்டால் எண்ணெய் முழுவதும் வந்துவிடாது. பெரும்பகுதி உருண்டைக் கூட்டினுள் தங்கிவிடும். ஐந்தில் இரண்டு பங்கு வெளியேறுவதாகக் கொண்டால், மூன்று முறை மாற்றிய பின்னும் பழையதில் 125க்கு 27 பங்கு எஞ்சும். பின்னக் கணக்கு எதற்கென்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதனைக் காட்டலாம். இடையிடையே ஓட்டி, மூன்று தவணைகளில் மாற்றச் சொன்னார்.

வேலை நடக்கையில் அவர் கூறிய இன்னும் இரு செய்திகளைக் குறித்து வைத்தோம். சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இப்போது பற்சில்லுக்குப் பதிலாக உலோகப் பட்டி ஓடும் பெட்டிகளே உள்ளன. அவற்றுக்கு எமது சிவப்பெண்ணெய் நஞ்சு, அவசரத்திலும் ஊற்றலாகாது. மற்றது வன்னிக்கே உரிய நோய். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் நீரில் நின்றதுபோன்ற நாட்களில், வெள்ளத்தினூடே செலுத்திய வண்டிகளின் பெட்டிக்குள் மூச்சுக்குழாய் வழியே நீர் புகும். எண்ணெய் ரோசாப் பால் நிறமானால், அவ்வண்டியை ஒரு முழமும் ஓட்டாமல் எண்ணெயை மாற்ற வேண்டும். தட்டுகளின் பசை நீரிற் கழன்றுவிடும்.

மாலையில் வவுனியா திரும்புகையில், வழமைபோல் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினோம். அம்மா தேங்காய் உடைக்க, பெரியம்மா கச்சான் வாங்க, நாம் எஞ்சினை ஓடவிட்டபடியே பொனெற்றைத் திறந்து குச்சியைத் துடைத்துப் பார்த்தோம். இரு கோடுகளுக்கும் நடுவே எண்ணெய் நின்றது. செவ்வரத்தம்பூ நிறம் இல்லை, தேநீர்ச் சாயம். நேற்றைய கோப்பி இல்லை.

இரண்டாவது மாற்றமும் முடிந்துவிட்டது. காலையில் 'டி'க்குப் போட்டால் இப்போது யோசிப்பதில்லை. இரண்டாங் கியரில் மட்டும் ஒரு சிறு இடி இருக்கின்றது. அது தங்கிவிடும் என்றே மெக்கானிக் கூறுகிறார். பெரியவருக்கென வாங்கிய திருநீற்றுப் பொட்டலம், நாம் வேறு வழியாலே திரும்பிவிட்டமையால், இன்னும் வண்டியின் முன்தட்டிலேயே கிடக்கின்றது. மூன்றாம் மாற்றத்துக்குக் கிளிநொச்சி போகும் நாளில், மாங்குளத்தில் திரும்பி, கரிப்பட்டமுறிப்புக்கு அப்பாலுள்ள அந்த யானைப் பலகையடியில் விசாரித்துக் கொடுத்துவிட்டு வர எண்ணியிருக்கின்றோம்.